விருந்தினரின் கடன்

ஆனி பிறந்து, தென்மேற்குப் பருவக்காற்று பொதிகைத் தொடரைக் கடந்து சாரலாய் இறங்கும் நாள்களில், தென்காசி வட்டாரத்து வீடுகளிலிருந்து வெளியூர்களுக்கு அழைப்புகள் செல்லும். "பேரருவியில் தண்ணீர் நன்றாய் விழுகிறது, குடும்பத்தோடு புறப்பட்டு வாருங்கள்" என்று நண்பர்களை அழைப்பது இவ்வூர்களின் பழைய வழக்கம். அழைப்பு இன்றும் ஓய்ந்துவிடவில்லை. வருகிறவர்களின் மறுமொழிதான் மாறியிருக்கிறது. "உங்களுக்கு ஏன் சிரமம்? குற்றாலத்திலேயே விடுதியில் அறை எடுத்துவிட்டோம், ஒருவேளை வந்து பார்த்துவிட்டுப் போகிறோம்" என்கிறார்கள் பலர்.

பிறருக்குச் சிரமம் கொடாதிருப்பது நற்பண்பே. ஆயினும் நாம் சற்று ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். நண்பரின் இல்லத்தில் தங்க மறுப்பது அவர்மீதுள்ள அக்கறையாலா, அல்லது எவருக்கும் கடன்படாமல் வாழ்ந்துவிட வேண்டும் என்ற செருக்கினாலா?

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். புதிதாய் வந்தவரைக் குறித்த சொல், பின்னர் அவருக்கு இடும் உணவைக் குறிக்கலாயிற்று. நம் அறநூல்கள் பெரும்பாலும் விருந்தளிப்பவரின் கடமையையே பேசுகின்றன. திருவள்ளுவரும் விருந்தோம்பலுக்கு ஒரு முழு அதிகாரம் வகுத்தார். அதன் இறுதிக் குறளிலோ அவரது பார்வை விருந்தினரின் உள்ளத்தின்மீது விழுகிறது. அனிச்சமலர் முகர்ந்த பின்னரே வாடும். விருந்தினரோ வீட்டாரின் முகம் சற்று மாறக் கண்டாலே வாடிவிடுவார் என்பது அதன் கருத்து. விருந்தினராய் இருப்பது என்றால், மற்றொருவரின் முகத்தை நம்பி நிற்பது. வாடகை கொடுத்துத் தங்குபவர் எவர் முகத்தையும் நோக்க வேண்டியதில்லை. கணக்கை நோக்கினால் போதும். இந்த விடுதலையைத்தான் நாம் விலை கொடுத்து வாங்குகிறோம். அதனோடு எதை இழக்கிறோம்?

இதற்கு விடை காண, குற்றாலத்தில் வாழ்ந்த ஒருவரை நினைவுகூர்வோம். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954) திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வாழ்ந்தபோது, அவர் வீட்டின் வட்டவடிவ முற்றத்தில் நண்பர்கள் கூடிக் கவிதை சுவைத்தனர். அக்கூட்டமே 'வட்டத்தொட்டி' எனப் பெயர் பெற்றது. பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் குடியேறினார். இராஜாஜியும் 'கல்கி'யும் அங்கு அவரை நாடி வந்தனர். உணவும் அருவிக் குளியலும் கம்பனின் கவியும் ஒன்றாய்க் கலந்த விருந்து அது. வந்தவர்கள் கைம்மாறாய்த் தந்தது தங்கள் செவிகளையே. கவிதையைச் சொல்பவருக்குக் கேட்பவர் வேண்டும் அல்லவா? பெறுவது போலத் தோன்றிய விருந்தினர் உண்மையில் கொடுத்துக்கொண்டும் இருந்தனர். அறை எடுத்துத் தங்கி, ஒருவேளை எட்டிப் பார்த்துச் செல்வோருக்கு, இவ்வாறு கொடுப்பதற்கும் நேரமில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழுகிறது. விருந்தோம்பலின் புகழ் இல்லத் தலைவருக்கு. உழைப்போ இல்லத்துப் பெண்களுக்கு! கவிதை பேசியவர்களைப் பாராட்டும் இலக்கிய வரலாறு, அடுப்படியில் நின்றவர்களை அவ்வளவாய்ப் பேசுவதில்லை. பெத்தானியாவில் மார்த்தா ஆண்டவரிடம் முறையிட்டதும் இதைத்தானே? இயேசு அவரது முறையீட்டைக் கேட்டார். தேவையானது ஒன்றே என்றார் (லூக்கா 10:38-42). மரியா அமர்ந்து கேட்டதே நல்ல பங்கு என்றால், பல வகைப் பதார்த்தங்களை எதிர்பார்த்து மார்த்தாக்களை அடுப்படியில் நிறுத்திவைக்கும் விருந்தினர் தம்மைத் தாமே ஆராய்ந்துகொள்வது நலம். இம்மறுப்பு, எப்படித் தங்க வேண்டும் என்பதையே நமக்குக் கற்பிக்கிறது.

அதற்கான அளவுகோலும் நம்மிடம் உண்டு. சீடர்களை அனுப்பிய ஆண்டவர், வைப்பதை உண்ணுமாறும், வீடு வீடாய் மாறிச் செல்லாதிருக்குமாறும் பணித்தார் (லூக்கா 10:7-8). முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியதாகக் கருதப்படும் 'திதாக்கே' என்னும் திருச்சபை நூல், வழிப்போக்கர் இரண்டு அல்லது மூன்று நாள் தங்கலாம். அதற்குமேல் தங்க விரும்பினால் உழைத்து உண்ண வேண்டும் என்று விதித்தது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் முன்னோரும் சொல்லிவைத்தனர். கடலுக்கு அப்பாலும் இப்பாலும் அனுபவம் ஒன்றாகவே இருந்திருக்கிறது! வைப்பதை உண்பது, வேலையில் கைகொடுப்பது, நேரமறிந்து புறப்படுவது ஆகிய மூன்றும் விருந்தினரின் கடன்.

ஆயினும் இதற்கு அடிப்படை வெறும் நாகரிகமன்று. கடவுளின் மகன் இவ்வுலகில் பெரும்பாலும் விருந்தினராகவே வாழ்ந்தார். சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். சக்கேயுவின் வீட்டில் தங்கப்போவதாகத் தாமே சொன்னார். கேட்பதால் அவர் சிறுமையுறவில்லை, கேட்கப்பட்டவர்கள் உயர்ந்தனர். எம்மாவு ஊரில் வீட்டிற்குள் அழைக்கப்பட்டவரே அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். இலத்தீன் மொழியில் 'ஹோஸ்பெஸ்' என்னும் ஒரே சொல் வீட்டாரையும் விருந்தினரையும் குறிப்பது தற்செயலன்று. நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடம் தங்கியிருக்கும் அந்நியர்களே என்கிறார் ஆண்டவர் (லேவியர் 25:23). பதினைந்தாம் நூற்றாண்டில் தென்காசிக் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியனும், தனக்குப் பின் அதனைப் பழுதுபார்த்துக் காப்பவர்களைப் பணிவதாகக் கல்வெட்டில் பொறித்துச் சென்றான். தான் நிலையானவன் அல்லன், கடந்து செல்பவன் என்பதை அவன் அறிந்திருந்தான்.

அந்நியரை ஒடுக்காதீர்கள்; நீங்களும் எகிப்தில் அந்நியராய் இருந்ததால் அவர்களது உணர்வை அறிவீர்கள் என்பது இறைவனின் கட்டளை (விடுதலைப் பயணம் 23:9). ஒருநாளும் பிறர் வாசலில் நின்றிராதவருக்கு அந்த உணர்வு எங்கிருந்து வரும்? சாரல் காலத்தில் குடும்பங்களை ஏற்றி வரும் ஓட்டுநர்கள் பலர், இரவில் வண்டியிலேயே முடங்கிக் கிடக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பாயும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுக்க நம் கைகள் நீள வேண்டுமானால், முதலில் அக்கைகள் நண்பரின் வீட்டில் தாழ்மையோடு ஏந்திப் பழகியிருக்க வேண்டும்.