கோடு கிழிப்பவன் நிற்கும் இடம்

'ஸ்டார் ட்ரெக்' என்னும் விஞ்ஞானப் புனைகதை உலகில் பால்வீதி அல்பா, பீற்றா, காமா, டெல்டா என நான்கு காற்பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. முதலிரண்டையும் பிரிக்கும் கோடு நமது சூரியனை ஊடறுத்துச் செல்கின்றது. சூரியனோ பால்வீதி மையத்திலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தொலைவில் ஒதுங்கிக் கிடப்பது. வரைந்தவர் வீடு அங்கே. ஆகவே கோடும் அங்கே! டெல்டாவில் வாழ்வோர் அப்பெயரை அறியார். அறியாமையால் அவர்க்கு இழப்புமில்லை. தண்ணீரும் பாதையும் அக்கோட்டை நம்பியிருக்கவில்லை.

அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் நிலைமை வேறு. மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்பன உண்டு. தேயிலை மலை ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உண்டு. (கொழுந்துக் கணக்குக்கு அது வேண்டியதே, வசதிக்காக வகுப்பது குற்றமன்று.) அம்மலையில் உழைப்பவரின் லயத்துக் காம்பராவுக்கோ பெரும்பாலும் தனி முகவரி இல்லை. செடிக்கு உள்ள இலக்கம் மனிதனுக்கு இல்லாதது ஏன்? வரைபடம் யாருடைய தேவைக்காக எழுந்தது என்பதே விடை.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைநிதியைச் செலவிடத் தடையாக நின்றது. வாக்களிக்கையில் எல்லைக்குள்ளே, பாதை கேட்கையில் வெளியே! இக்கோட்டைப் புனைகதை என்று தள்ளிவிட இயலுமா? 2018இலேயே அது திருத்தப்பட்டது. இன்றும் பல லயங்களுக்குக் கடிதம் தோட்டக் கந்தோர் வழியாகவே வந்து சேர்கின்றது.