பிறரது ஓய்வும் நமது துலாக்கோலும்

மானுடப் பிறவி பெறுதற்கரியது என்றும், அதனை வாளா கழித்தல் தகாது என்றும் நம் சமய நூல்கள் இடித்துரைக்கின்றன. இவ்வுரை ஒவ்வொருவனும் தன் நெஞ்சை நோக்கிச் சொல்லிக்கொள்ளுதற்கு எழுந்ததாகும். அதனைத் தன் நெஞ்சுக்குச் சொல்லாது, அயலான் வாயிலிலே நின்று சொல்லுவாரும் உளர். "இவன் காலத்தை வீணாக்குகின்றான்" என்பது கற்றோர் வாயில் மிக எளிதாக வருஞ் சொற்களுள் ஒன்று. தொழில் ஒழிந்த பொழுதை ஒருவன் கழிக்கும் முறை கொண்டு அவன் தகுதியை அளத்தல் நமக்கு உரியதோ, உரியதாயின் எத்துணையளவிற்கு உரியது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு வரக்காப்பொலைப் பகுதி தக்கதோர் உரைகல்லாகும். இவ்வூர் கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவிலே கேகாலை மாவட்டத்தில் உள்ளது. வழிச்செல்வோர் இங்கே இறங்கிப் பேர்பெற்ற எள்ளுருண்டையை வாங்கி உண்பர். அவருள் ஒருவர் பிற்பகலிலே அயலிலுள்ள இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்தருகே செல்வாராயின், ஆடவர் சிலர் திண்ணையிற் சாய்ந்து கிடத்தலையும், சிலர் சீட்டாடுதலையும், பெண்டிர் வாசலிற் குந்திப் பேசியிருத்தலையும் காண்பர். கண்டவுடன், "இம்மக்கள் முன்னேறாமைக்குக் காரணம் இதுவன்றோ" என்று தீர்ப்புக் கூறிச் செல்வர்.

அத்தீர்ப்புக் கூறினார் அறியாதது யாது? 1876ஆம் ஆண்டிலே எனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பெற்ற கன்றுகளினின்று இந்நாட்டில் இறப்பர்ச் செய்கை தொடங்கிற்று. அம்மரத்தின் இயல்பு, விடியற்காலைக் குளிர்ச்சியில் மிகுதியாகப் பால் சொரிந்து, வெயில் ஏற ஏறக் குறைவதாம். ஆதலின், பால்வெட்டும் தொழிலாளி பொழுது புலருமுன் எழுந்து, ஏறத்தாழ 300 மரங்களை மேடும் பள்ளமுமாய நிலத்திலே ஒவ்வொன்றாக நாடிச் சென்று, உள்மரத்தில் கத்தி படாவண்ணம் பட்டையை மெல்லிதாகச் சீவுதல் வேண்டும். பின் மீண்டும் அதே மரங்களைச் சுற்றிச் சிரட்டைகளிற் சேர்ந்த பாலைத் திரட்டிச் சுமந்து வந்து ஒப்புவித்தல் வேண்டும். வழிப்போக்கர் துயில் நீங்கிக் காலையுணவு கொள்ளும் வேளையில் இவர் தம் நாளின் வேலையிற் பெரும்பகுதியை முடித்திருப்பர். பிற்பகலிற் கண்ட ஓய்வு அவ்விடியலின் எச்சமேயாம். இனி, மழை நாளிலே பட்டை நனைந்து பால் வழிந்தோடுமாதலின் வெட்டு நிற்கும், கூலியும் நிற்கும். அந்நாளில் அவர் வாளா இருத்தல் விரும்பிக் கொண்ட ஓய்வன்று. காண்பார்க்கோ இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

பெண்டிர் நிலை இதனினும் நுணுகி நோக்கத்தக்கது. அவர்க்குக் காலையில் வெட்டும், மாலையில் அடுப்பும், நீரும், விறகும், மகவும் உள. இவற்றிற்கிடையே வாசலிற் கழியும் அரைமணிப் பேச்சினை "வம்பு" என்று பெயரிட்டு இகழ்வார், அப்பேச்சினால் ஒருத்தியின் துயரம் மற்றொருத்திக்குத் தெரிந்து உதவி பிறத்தலை அறியார்.

ஒரு பொழுதைக் கண்டு ஒரு வாழ்க்கையை அளத்தல் பிழை என்பதனைப் பெரியபுராணம் பலவிடத்தும் நமக்குக் காட்டுகின்றது. திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் உள்ளத்திலே கல்லும் மரமும் தேடித் தச்சரை வைத்துக் கோயில் எடுத்தார். புறத்தே நின்று பார்த்தவர்க்கு அவர் ஒன்றுஞ் செய்யாது அமர்ந்திருந்த ஒருவரே. காடவர்கோன் காஞ்சியிற் கட்டிய கற்றளியினும் அது முற்பட்டது என்பது இறைவன் கனவிற் கூறியதனாலன்றோ உலகறிந்தது? விசாரசருமர் மணலாற் சிவலிங்கம் அமைத்துப் பாலாட்டியதைக் கண்டான் ஒருவன், பால் வீணாகின்றது என்று ஊரார்க்குரைத்தான். அதனை நம்பிய தந்தை எச்சதத்தன் பாற்குடத்தைக் காலால் இடறினான். கண்ணாற் கண்டது பொய்யன்று. மணலிற் பால் சிந்தியது மெய்யே. அதன் பொருளை அறியாதே தீர்ப்புக் கூறியதே பிழை. ஆனாய நாயனார் ஆநிரை மேய்க்கும் பொழுதிலே கொன்றை மரத்தின் முன் நின்று குழலூதினார். ஆநிரையை எண்ணிக் கணக்கெழுதும் ஒருவன் அவ்விடத்து வந்திருப்பின், அவரைப் பற்றி யாது எழுதியிருப்பான்?

அற்றேல், எல்லார் செயலையும் நன்றென்று விட்டுவிடுக என்பதோ நுமது கொள்கை எனின், அன்று. திருவள்ளுவர் மடியின்மைக்கு ஓரதிகாரமும், கள்ளுண்ணாமைக்கு ஓரதிகாரமும், சூதுக்கு ஓரதிகாரமும் வகுத்தார். தீயதைத் தீதென்றல் ஆசிரியன் கடனேயாம். மூர்க்க நாயனார் சூதாடி அடியார்க்கு அமுதூட்டினார் என்பது கொண்டு சூது நன்றாகிவிடாது. ஆயினும் தீது இன்னதென்று வரையறுத்துக் கூறல் வேண்டும். ஒருவன் ஓய்வு அவன் மனைவி மக்களின் உணவைக் கவர்கின்றதா? பிறர்க்குத் துன்பஞ் செய்கின்றதா? விட நினைத்தாலும் விடவொண்ணாதபடி அவனைப் பிணிக்கின்றதா? இம்மூன்றனுள் ஒன்று உளதாயின் கடிக. இலதாயின், அது நமக்கு உவப்பன்று என்பது ஒன்றே எஞ்சும். நமது உவப்பின்மை பிறனது குற்றமாகாது.

குடியைக் கடியுமிடத்தும் நடுவுநிலைமை வேண்டும். கூலிக்காரன் கோப்பையை மட்டும் கண்டு, கடையைத் திறந்தாரையும், அதனால் வருவாய் கொண்டாரையும் காணாது விடுதல் அறமன்று. 1904ஆம் ஆண்டிலும் 1912ஆம் ஆண்டிலும் இந்நாட்டெழுந்த மதுவிலக்கியக்கத்தார், குடிப்போரை அறிவுறுத்தியதோடமையாது, அரசினர் சாராயக் கொள்கையையும் எதிர்த்து நின்றனர்.

உவப்பின்மையைக் குற்றமென மயங்குதல் எங்கும் உள்ளதே. இங்கிலாந்திலே ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டின்பின் குடியானவர் ஆடிப்பாடலாம் என 1618ஆம் ஆண்டில் முதலாம் ஜேம்ஸ் அரசர் பிறப்பித்த அறிக்கை, அதனை வெறுத்த பாராளுமன்றத்தாரால் 1643ஆம் ஆண்டில் எரிக்கப்பட்டது. நம்மிடையே நிகழ்ந்ததும் இதனையொத்ததே. நாட்டுக்கூத்தைக் கற்றோர் பலர் பாமரர் பொழுதுபோக்கென்று ஒதுக்கியிருந்தனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962ஆம் ஆண்டிலே பேராதனையிற் "கர்ணன் போர்" கூத்தைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு அரங்கேற்றிய பின்னரே, ஒதுக்கியவருட் பலர் அதனைக் கலையென்றனர். மலைநாட்டார் பாடல்களையும் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து நூலாக்கிய பின்னரே பலர் மதிக்கலாயினர். கூத்தும் பாட்டும் முன்னும் அவையே. மாறியது காண்பார் கண்.

மாசி மாதத்திலே தோட்டங்களில் ஆடப்பெறும் காமன் கூத்தினை நோக்குக. தப்பொலியும், இரவு விழிப்பும், வேடமும் கண்டு அதனை இழிவென்று தள்ளும் சைவரும் உளர். அக்கூத்தின் பொருளோ சிவபெருமான் காமனை எரித்த வரலாறு. திருக்குறுக்கையில் நிகழ்ந்ததென்று நாம் அட்டவீரட்டத்துள் வைத்துப் போற்றும் அச்செயலை, ஏடறியாத தொழிலாளர் தம் உடலையே ஏடாகக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். அவர் ஓய்வை இகழ்வார் தம் சமயச் செல்வமொன்றனையே இகழ்ந்தவராவர்.

சைவ ஆசிரியர்காள், இவ்வளவும் உங்களை நோக்கிக் கூறுவதற்குக் காரணம் ஒன்றுண்டு. தெருவில் வழிப்போக்கர் கூறுந் தீர்ப்புத் தெருவிலேயே ஒழியும். வகுப்பறையில் நீங்கள் கூறுந் தீர்ப்போ பிள்ளையின் நெஞ்சிற் புகுந்து வீடு செல்லும். "உன் தகப்பன் சீட்டாடிக் கிடக்கின்றான், நீயும் அப்படியே ஆவாய்" என்று ஒருமுறை சொல்லின், அப்பிள்ளை அன்று மாலை தந்தையை வேறு கண்ணாற் பார்க்கும். தந்தையை வெறுக்கக் கற்ற பிள்ளைக்குத் தேவாரம் எத்தனை பதிகம் கற்பித்தும் பயன் என்னை? அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வமென்று கற்பிக்கும் வாயே அத்தெய்வத்தை இழித்தல் தகுமோ?

பள்ளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், ஓய்வு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. ஓய்வைச் செம்மையாகத் துய்க்கக் கற்பித்தலே கல்வியின் பயனென்று இதனாற் கொள்ளலாம். கற்பித்தல் வேறு, கடிந்து தள்ளுதல் வேறு. மாலையிற் பண்ணிசை வகுப்புத் தொடங்குக. தப்பிசைக்கும் தந்தையையும் விழாவிற்கு அழைத்து முன்னிருத்துக. நூல்நிலையம் ஒன்று திறக்க. அதன் கதவு பால்வெட்டு முடிந்து வரும் பிற்பகல் வேளையிலே திறந்திருக்கும்படி செய்க. நல்லது அருகிருப்பின் மக்கள் தாமே நாடுவர். அல்லது கூறி வைதலால் ஒருவரும் நாடார்.

பிறர் குற்றம் காண்பதுபோலத் தம் குற்றத்தையும் காணுமாறு புறங்கூறாமை அதிகாரத்து இறுதியிலே நாயனார் பணித்தார். ஆசிரியர் அறையிலே கைத்தொலைபேசியைத் தடவிக் கழியும் நேரத்தை ஒருநாள் கணக்கிட்டுப் பார்ப்போமாயின், லயத்துத் திண்ணையின்மேல் நாம் கொண்ட சினம் தணியும். ஒவ்வோருயிரும் தன் பக்குவத்திற்கேற்பவே நடத்தப்படுகின்றது என்பது நம் சித்தாந்தம். அப்பக்குவத்தை உள்நின்று அறிபவன் சிவனொருவனே. அவன் கைத் துலாக்கோலை அவனிடமே விடுத்து, நம் கையிலுள்ள பொழுதைச் செவ்விதிற் கழிக்க அவன் திருவருளை வேண்டுவோமாக.