ஏறுபடியும் அறநெறியும்

மரம் ஏறுவதற்கேற்ற கூரிய நகம் மனிதனுக்கு இல்லை. பற்றிக்கொள்ள வாலும் இல்லை. ஆகவே உயரத்தை அடைய வேண்டின், தன் உடம்புக்குப் புறம்பான ஒன்றை அவன் துணையாகக் கொள்கிறான். அத்துணையே படி. தேனுக்கும் காய்க்கும் அவன் மரம் ஏறினான். விளைந்த புனத்தைக் காக்க ஏறினான். கீழே வரும் விலங்கை வேட்டையாடவும் ஏறினான். ஏறிப் பெற்ற பயனைப் பற்றிப் பேசுவோர் பலர். கால் வைத்த படியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். அந்தப் படி எதனால் ஆயிற்று? அதன் விலையை யார் கொடுத்தார்? இவ்வினாக்களை இச்சிறு கட்டுரையில் ஆராய்வோம்.

நம் முன்னோர் இப்பொருளை அறியாதவர் அல்லர். தேன் எடுக்க ஏறும் ஏணிக்குச் சங்கத் தமிழில் ‘மால்பு’ என்று பெயர். மூங்கிற் கழியின் கிளைகளை முற்றும் சீவாமல், கணுதோறும் சிறு முளை நிற்கும்படி விட்டு, அதிற் கால் வைத்து ஏறுவர். இதனையே உரையாசிரியர் ‘கண்ணேணி’ என்பர். வேறொருவர் வீசி எறியும் கிளைத்துண்டே இங்குப் படியாகிறது. குறுந்தொகையின் 273ஆம் பாட்டில் ஓர் உவமை வருகிறது. தேனை விரும்பிய பேதை ஒருவன், மலையில் கிடந்த பழைய மால்பின் தன்மையை அறியாமல் அதில் ஏறிவிடுகிறான். தேனின் மேல் கண் வைத்தவன் ஏணியின் முதுமையைப் பார்க்கவில்லை. அவன் பேதைமை இன்றும் நம்மிடையே வாழ்கிறது.

மரம் தந்த படி

தம்பானூரில் பேருந்து ஏறி நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வழியாக நாகர்கோவில் செல்லும் நம்மவர், வழியில் மரங்கள் மாறுவதைக் கண்டிருப்பர். தென்னை மிகுந்த நிலம் மெல்ல மெல்லப் பனையும் கலந்த நிலமாகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன்பும் பின்பும், அந்நிலத்தின் எண்ணற்ற குடும்பங்களுக்குப் பனையேற்றமே வாழ்வாக இருந்தது.

பனையேறியின் கருவிகளை உற்று நோக்குவோம். இரு பாதங்களையும் பிணைக்கும் வளையத்திற்குத் தளைநார் என்று பெயர். அது பனைநாரால் ஆனது. மரத்தின் அடியில் சாய்த்து வைத்து முதற்காலை ஊன்றுவதற்கு முருக்குத்தடி. இடுப்பில் அரிவாள்பெட்டி, அதனுள் பாளை அரிவாள். பதநீர் புளிக்காதிருக்கச் சுண்ணாம்பு தடவிய கலயம். இவ்வளவே அவன் உடைமை. தென்னை ஏறுவோரும் தென்னங்கயிற்றையோ பழஞ்சாக்கையோ முறுக்கி இத்தகைய வளையம் செய்துகொள்வர். அதனை மலையாளத்தார் தளப்பு என்பர். நாம் தளை என்கிறோம். இரண்டும் கட்டு என்னும் ஒரே பொருளைத் தருவன.

இங்கு ஒன்றை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். மரம் கழித்த மட்டையின் நாரே அம்மரத்தில் ஏறுவதற்குத் துணையாகிறது. ஏறுபவன் இறங்கியபின் தளையும் அவனோடு இறங்கிவிடுகிறது. மரத்தில் அவன் ஏறியதற்கான புண் எதுவும் எஞ்சுவதில்லை.

இதற்கு மாறான முறையும் நம் நாட்டில் உண்டு. தென்னையின் உடலிலேயே வெட்டிப் படி அமைப்பர். ஏறுவதற்கு அது எளிது, செலவும் இல்லை. ஆனால் மாவும் பலாவும் போலத் தென்னை தன் காயத்தைப் பட்டை வளர்த்து மூடிக்கொள்ளும் இயல்புடையது அன்று. வெட்டிய வாய் திறந்தே நிற்கும். அதன் வழியே சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும். புழுக்கள் உள்ளே குடைந்து மரத்தையே மாய்த்துவிடும். செலவில்லை என்று எண்ணிய படிக்கு விலை உண்டு. அதனை மரம் கொடுக்கிறது. பிறகு மரத்துக்குரியவனும் கொடுக்கிறான்.

ஏறுபவன் உயிர்

படியின் விலையை மரம் மட்டுமா கொடுக்கிறது? அமெரிக்க நாட்டில் மான் வேட்டைக்குச் செல்வோர் மரத்தின் மேல் சிறு மேடை அமைத்து அதில் காத்திருப்பர். கடையில் விற்கும் படிகளுக்குப் பொருள் செலவிட விரும்பாத சிலர், பழைய இரும்புக் கம்பிகளை வளைத்தும், கழிந்த மரத்துண்டுகளில் துளையிட்டுக் கயிறு கோத்தும் தாமே படி செய்துகொள்வர். பொதுக்காடுகள் பலவற்றில் மரத்தைத் துளைக்கும் படிகளுக்கு அங்குத் தடை உண்டு. வேட்டைக்காரர் காயமுறுவதற்கு அந்நாட்டில் ஒரு பெருங்காரணம், மேடையிலிருந்தோ படியிலிருந்தோ தவறி விழுவதே.

கழிவுப்பொருளைப் பயன்படுத்துவது குற்றமா எனின், அன்று. வீணாகும் ஒன்றுக்கு மறுவாழ்வு தருவது சிக்கனம்; கைத்திறனும் ஆகும். தென்னை ஏறுவதற்கு இரும்புச் சட்டமும் கம்பிவடமும் கொண்ட பொறியை உருவாக்கியவர் பெரும்படிப்புப் படித்த பொறியாளர் அல்லர். கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்னும் உழவரே. ஒரு காலை உயர்த்தி, மறுகாலை ஊன்றி, மரத்தை வெட்டாமல் ஏறுவதற்கு அது வழி செய்தது. எளிய மனிதனின் மூளையை எவரும் இகழவேண்டா.

ஆயினும் இங்கு ஒரு வேறுபாடு உண்டு. தான் செய்த படியில் தானே முதலில் ஏறுபவன், தன் உடம்பைக் கொண்டு அதனைச் சோதிக்கிறான். தான் நிலத்தில் நின்றுகொண்டு, “இது தாங்கும், ஏறு” என்று பிறனை ஏவுபவன் எதனைக் கொண்டு சோதித்தான்? இற்றுப்போன கயிற்றின் விலை சில ரூபாய். அதனை மிச்சம் பிடிப்பவன் ஒருவன்; விழுபவன் வேறொருவன். அறம் பிழைப்பது இவ்விடத்தில்தான். தன் உயிர் தன்னுடையது, அதனைப் பணயம் வைக்கத் தனக்கு உரிமை உண்டு என்பாரும் உளர். அவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. மரத்திலிருந்து விழுந்தவனோடு அவன் மனைவியின் அடுப்பும் மக்களின் பள்ளியும் விழுகின்றன. கொம்பின் நுனிவரை ஏறியவன் அதற்கும் அப்பால் முயன்றால் உயிர் இழப்பான் என்பதை, வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார். வலிமையை அளந்தறிதல் வீரத்தின் ஒரு பகுதி என்பது அவர் கருத்துப் போலும்.

கீழே வரும் உயிர்

இனி, மூன்றாமவர் ஒருவர் உண்டு. மேடைக்குக் கீழே நடந்து வரும் விலங்கே அது. மறைந்து நின்று அம்பெய்தது முறையா என்று வாலி எழுப்பிய வினா நம் பட்டிமண்டபங்களில் இன்னும் ஓயவில்லை. அரசர் மறைந்திருந்தும் விலங்கை வேட்டையாடுவது வழக்கம் என்பது, வான்மீகி நூலில் இராமன் கூறும் விடைகளுள் ஒன்று. அந்த விடை விலங்கின் செவிக்கு எவ்வாறு இருக்கும் என்று எவரும் கேட்டதில்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு எல்லை வகுத்தது. எனினும், காட்டுப்பன்றி தோண்டி அழித்த மரச்சீனித் தோட்டத்தின் முன் நிற்கும் உழவனிடம் கொல்லாமையைப் போதிப்பது நமக்கு எளிது. அவன் இழப்பை ஈடுசெய்வது எளிதன்று. பயிரழிக்கும் பன்றிகளைச் சுடுவதற்கு ஆணையிடும் அதிகாரத்தை 2022ஆம் ஆண்டில் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்ததும் இத்துயர் கருதியே.

சங்க காலத்துத் தினைப்புனத்தில் ‘இதணம்’ என்னும் பரண் இருந்தது. அதன்மேல் நின்ற மகளிர் தட்டையும் குளிரும் ஒலித்துக் கிளிகளை ஓட்டினர். பரண் உயர்ந்தது, அதனால் தினையும் பிழைத்தது, கிளியும் பிழைத்தது. உயரம் ஒருவனுக்குத் தரும் முதல் நன்மை, தொலைவில் வருவதை முன்னரே காண்பது. முன்னரே கண்டவன் ஓட்டவும் கூடும், கொல்லவும் கூடும். ஓட்டினால் தீரும் இடத்தில் கொல்பவனுக்கு வறுமையும் துணை நிற்காது, பயிரும் துணை நிற்காது.

நம் படிகள்

பிழைப்பு நாடி எல்லை கடந்து இந்நகருக்கு வந்து, வணிகத்திலும் அலுவலிலும் கால் ஊன்றிய குடும்பங்கள் நாம். நம்முள் பலருடைய பாட்டனார் பனையேறிய கூலியிலோ, கருப்புக்கட்டி விற்ற காசிலோ முதற்புத்தகம் வாங்கப்பட்டது. தளைநார் காய்த்த பாதங்களே நமக்கு முதற்படி. அதனை நம் பிள்ளைகளிடம் மறைப்பதில் பெருமை எதுவும் இல்லை.

இன்று நம் வீட்டு முற்றத்துத் தென்னையில் ஏற ஆள் வரும்போது, தேங்காய் எத்தனை என்று எண்ணுவதற்கு முன், அவர் ஏறும் கயிறு எத்தகையது என்று கேட்போமாக. 1981ஆம் ஆண்டில் தோன்றிய தென்னை வளர்ச்சி வாரியம், மரமேறுவோருக்குப் பொறியில் ஏறும் பயிற்சியை 2011ஆம் ஆண்டு முதல் அளித்தது. ‘கேர சுரக்ஷா’ என்னும் காப்பீட்டுத் திட்டத்தையும் வகுத்தது. அதில் சேர்ந்திருக்கிறாரா என்று அவரிடம் ஒரு சொல் கேட்பதும், சேராதிருந்தால் சேர்வதற்கு உதவுவதும் நம்மால் இயலாதவை அல்ல. கூலியோடு அதற்கான தொகையையும் சேர்த்துக் கொடுத்தால் நம் கை குறைந்துவிடாது. காய் நமக்கு வேண்டியது. ஏறும் படியின் விலையில் நம் பங்கை நாமே கொடுப்பதுதான் முறை.