யோசிக்கிற வேலை

எங்கள் சேரியின் மாலைப் பாடசாலையில் பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: "அண்ணே, எதப் பாத்தாலும் ஏன், எப்படின்னு தோணிக்கிட்டே இருக்கு. ஆனா வயக்காட்டு வேல எனக்கு ஒத்துக்கல. ஒக்காந்து யோசிக்கிற வேல எதுண்ணே?" நடவு முடித்து வந்த அவள் அம்மாவின் காலில் சேறு காயவில்லை. "ஒடம்பு வணங்காத கழுத" என்று சிரித்தாள்.

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. அந்தக் குனிவுதான் என்னை உறுத்துகிறது. உழைக்கும் சனத்தின் பிள்ளை உடம்பு வேலை வேண்டாம் என்று சொல்வது குற்றமா?

முதலில், மூளை வேலை, உடம்பு வேலை என்கிற பிரிவினையே பொய். அவள் அப்பா பறை அடிப்பவர். வைக்கோல் அனலில் தோலைக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, காது சொன்ன பிறகுதான் குச்சியை எடுப்பார். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அது அறிவில்லையென்றால் வேறு எதுதான் அறிவு?

ஆனால் இந்த இடத்தில்தான் நம்மை ஏமாற்றுகிறார்கள். உன் தொழிலிலேயே அறிவு இருக்கிறதே, அங்கேயே இரு என்கிறார்கள். 1936இல் 'ஹரிஜன்' பத்திரிகையில் காந்தி, மலம் அள்ளுகிறவர் இலட்சியமானவராக இருக்க வேண்டுமென்றால் நாற்றத்தைப் போக்கவும் மலத்தை உரமாக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதினார். தெரிந்துகொள்ளலாம். அந்த வேலையை விட்டு வெளியே போகலாமா என்பதல்லவா கேள்வி? அதே ஆண்டு வெளிவந்த 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் அந்தக் கேள்வியைத்தான் எழுப்பினார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து அடுக்குகிறது. ஒருவருடைய விருப்பத்துக்கு அதில் இடமே இல்லை என்றார்.

1953இல் ராஜாஜியின் திட்டம் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பேர் வைத்தார்கள். 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. திட்டம் போனது, நினைப்பு போகவில்லை. மனித மலத்தை மனிதர் அள்ளுவதை 1993லும் 2013லும் சட்டம் தடுத்தது. சாக்கடைக் குழியில் இன்னும் நம்மாட்கள்தான் மூச்சடைத்துச் சாகிறார்கள்.

ஆகவே, "எனக்கு ஒத்துக்கல" என்று அந்தப் பிள்ளை சொன்னது சோம்பேறித்தனம் அல்ல. தலைமுறை தலைமுறையாக நம்மிடம் யாரும் கேட்காத விருப்பத்தை அவள் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். அவள் அப்பாவும் அதைத்தான் சொன்னார்: "எங்கப்பன் அடிச்சாருன்னு நான் அடிச்சேன். எம்மவ அவளுக்குப் புடிச்சதச் செய்யட்டும்."

அவளுக்கு நான் சொன்னது இது. ஆய்வுக்கூடம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. 1892 முதல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் யார் கைக்குப் போனது என்று பழைய பதிவேடுகளில் துருவ வேண்டிய வேலை மலையாகக் கிடக்கிறது. ஏன், எப்படி என்று கேட்கிற பிள்ளைதான் அதற்கு வேண்டும்.

ஒன்றே ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, சேற்றுக்காலோடு வருகிறவளைப் பார்த்து, "இவளுக்கு என்ன தெரியும்" என்று நினைத்துவிடாதே தாயி. நம்மை அப்படி நினைத்தவர்களுக்கும் உனக்கும் அப்புறம் வித்தியாசம் இருக்காது.