ஒரு பக்கம் கண்டவரின் சாட்சியம்

கண்ணால் கண்டதைக் கூறுவது சாட்சியம். கண்டதை மற்றொன்றோடு ஒப்பிட்டு முடிவு காண்பது கியாஸ். இரண்டும் அறிவுக்கு வேண்டியவையே. ஆனால், ஒன்றை மற்றொன்றாக எண்ணிப் பேசும்போது அவதூறு பிறந்துவிடுகிறது. இதனை வானியல் உதாரணம் ஒன்றால் விளக்க முற்படுகிறோம்.

அரபு வானியலார் ‘அல்மர்அத்துல் முஸல்ஸலா’ (சங்கிலியால் பிணைக்கப்பட்ட பெண்) என்றழைத்த ஆந்திரோமீடா விண்மீன் குழுவில், அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி மேகம் போன்ற ஒன்றைக் கண்டு, 964-ஆம் ஆண்டளவில் தம் நூலில் குறித்தார். கண்டதற்கு மேல் அவர் ஒன்றும் கூறவில்லை. அது தொலைதூர நட்சத்திர மண்டலம் என்பது 1920-களில் தெளிவான பின்னரும் அவர் சாட்சியம் பழுதின்றி நிற்கிறது.

அதே குழுவில், 1784-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த என்.ஜி.சி. 891 என்னும் மண்டலம், சுமார் 3 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதைத் தொலைநோக்கியில் படம் பிடிப்போர், பூமியின் சுழற்சிக்கேற்பக் கருவியைத் திருப்பியவாறே, சில நிமிடப் படங்கள் பலவற்றை எடுத்து ஒன்றாகச் சேர்க்கின்றனர். கருவியின் வாயை மூடியும் சில படங்கள் எடுப்பர். ஒளி புகாதபோதும் காமிரா உண்டாக்கும் போலிப் புள்ளிகளை அறிந்து கழிப்பதற்காக.

இத்தனைக்குப் பின்னும் கிடைப்பது, தட்டை விளிம்பின் பக்கமாகப் பார்த்தாற்போன்ற ஒளிக்கீற்றும், அதன் நெடுகிலும் ஒரு கரிய கோடுமே. சுருள் கரங்கள் தென்படா. முகம் காட்டும் பிற மண்டலங்களோடு ஒப்பிட்டே அதனைச் சுருள் மண்டலம் என்கின்றனர். இது ஆதாரமுள்ள கியாஸ். கரிய கோட்டைக் கண்டு, ‘அங்கே நட்சத்திரமே இல்லை’ என்பதோ தவறான முடிவு. அங்குள்ள தூசு ஒளியை மறைக்கிறது. அத்தகைய தூசும் வாயுவும் செறிந்த மேகங்களில்தான் புதிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன.

மனிதர்களையும் நாம் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே காண்கிறோம். சம்பந்தம் பேச வருவோர், “பையன் எப்படி?” என அயலாரிடம் விசாரிக்கையில், நம் ஒரு சொல் இரு குடும்பங்களின் வாழ்வைத் தீர்மானிக்கக் கூடும். அவன் ஒருநாள் கடைத்தெருவில் சினந்து பேசியதைக் கண்டிருந்தால், அதைச் சொல்லலாம். அவன் குணமே அதுதான் என முடிவு கூற நமக்கு உரிமை ஏது? அதற்காகக் கண்ட குறையை மறைப்பதும் முறையன்று. கரிய கோட்டை அழித்துப் படத்தை அழகுபடுத்துவதும் பொய்ச் சாட்சியமே அன்றோ! எந்தப் பக்கம் நின்று, எவ்வளவு நேரம் கண்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்வதே அமானிதத்தைப் பேணும் வழியாகும்.