ஒற்றைக் காலில் நிற்கும் நொடி

வயதானவர்களைக் கண்டதும் "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். பாசத்தில்தான் சொல்கிறோம். அந்தப் பாசம் தொடையிலும் கணுக்காலிலும் உள்ள வலுவை எப்படிக் கரைக்கிறது என்பது, அறுபதைத் தாண்டித் தாய் சி என்னும் சீன உடற்பயிற்சியைப் பழகத் தொடங்கிய பிறகே எனக்கு உறைத்தது.

தாய் சியில் அவசரமே கிடையாது. முழங்காலைச் சற்று மடக்கி, உடம்பின் பாரம் முழுவதையும் ஒரு காலுக்குக் கொண்டுவர வேண்டும். மற்றக் காலை முன்னே வைக்கும்போது குதிகால் முதலில் தரையைத் தொடும். பாரம் அதற்குப் பிறகு மெல்லப் போகும். நடையில் நாம் கவனிக்காமலே கடந்துவிடும் அந்த ஒற்றைக் கால் நொடியில் இங்கே தங்கி நிற்கிறோம். தடுமாற்றம் பிறக்கும் இடமும் அதுதான். கண், உட்காது, பாதம் மூன்றும் அனுப்பும் செய்தியை வைத்துத்தான் மூளை நம்மை நிமிர்த்திப் பிடிக்கிறது. வயது ஏறஏற மூன்றும் மங்கும், தொடைத் தசையும் மெலியும். ஆனால் பழக்கினால் உடம்பு கேட்கிறது. 2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேர் மூன்று பிரிவாக 24 வாரம் பயிற்சி செய்தார்கள். தாய் சி பழகியவர்கள், தசையை நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள்.

பாரத்தைக் காலுக்குக் கால் மாற்றும் இந்தப் பழக்கம் நம்மூர் ஆட்டத்திலும் உண்டு. எங்கள் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் தேக்கம்பட்டி இருக்கிறது. அவ்வூர் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024இல், 87 வயதில், வள்ளி ஒயில் கும்மி என்னும் நாட்டுப்புற ஆட்டத்துக்காகப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பெண்களையும் கும்மிக்குள் கொண்டுவந்தவர் அவர். முன்வைத்து, பின்வாங்கி, திரும்பி, குனிந்து நிமிரும் அந்த அடவுகளில் பாரம் காலுக்குக் கால் மாறிக்கொண்டே இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்கள் அந்த வேகத்துக்கு இறங்கக் கூடாது. அவர்களுக்குத் தாய் சியின் நிதானம்தான் சரி. ஆனால் எண்பதைத் தாண்டியவரை ஆட்டக்களத்தில் நிற்கவிட்ட ஊர், வீட்டுக்குள் மட்டும் ஏன் எல்லோரையும் நாற்காலியில் உட்கார வைக்கிறது?

எங்கள் வீட்டில் அத்தைக்கு எண்பது. குளியலறையில் கைப்பிடி பொருத்திவிட்டோம். வாசல் தெளித்துக் கோலம் போடுவதை மட்டும் யாரும் தடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். மகன் இன்னும் ஒப்பவில்லை. இடுப்பெலும்பு முறிந்தால் என்ன செய்வது என்கிறான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் அத்தை கோலம் போட்டு முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நிற்கிறேன். அவரே கேட்டால்தான் கை கொடுப்பேன்.