கேட்கப்படாத ஜெபங்களைப் பாடியவர்கள்

அமெரிக்கப் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸ் 2005-இல் வெளியிட்ட ‘இலினாய்’ இசைத்தொகுப்பில் ‘காசிமிர் புலாஸ்கி டே’ என்றொரு பாட்டு இருக்கிறது. இளம்பெண் ஒருத்திக்கு எலும்புப் புற்றுநோய். வேதபாட வகுப்பில் கூடியவர்கள் அவள்மேல் கைவைத்து ஜெபிக்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அமெரிக்க விடுதலைப் போரில் உயிர்நீத்த போலந்துத் தளபதி புலாஸ்கியை இலினாய் மாநிலம் நினைவுகூரும் மார்ச் மாத நாளில் அவள் இறந்துபோகிறாள். கிட்டாரும் பாஞ்சோவும் மெல்ல ஒலிக்க, ஸ்டீவன்ஸ் கடைசிவரை குரலை உயர்த்துவதே இல்லை.

இதைப் பாடியவர் நாத்திகர் அல்ல. முந்தைய ஆண்டு வந்த ‘செவன் ஸ்வான்ஸ்’ தொகுப்பில் ஆபிரகாமையும் இயேசுவின் மறுரூபத்தையும் பாடிய விசுவாசி. அதனால்தான் கேள்வி கனக்கிறது: உருகி வேண்டியும் பதில் வராதபோது, அந்த வேண்டுதல் யாரிடம் போய்ச் சேர்ந்தது?

இறையியலாளர்கள் இதற்கு விளக்கம் வைத்திருக்கிறார்கள். மனித சுதந்திரம், சோதனை, மனிதனுக்குப் புலப்படாத திட்டம் என்று அது நீளும். இழவு வீட்டில் அந்த விளக்கங்களில் ஒன்றுகூட நிற்பதில்லை. விவிலியமே அதை அறிந்திருக்கிறது. 88-ஆம் சங்கீதம் ஆறுதல் பக்கம் திரும்பாமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. விளக்கம் தராமல் முறையிட மட்டும் செய்யும் அந்த மரபை, நம் காலத்தில் இண்டி ராக், நாட்டார் இசைக் கலைஞர்கள் சிலர் உண்மையாகக் காப்பாற்றி வருகிறார்கள்.

ஸ்டீவன்ஸின் ‘கேரி அண்ட் லோவெல்’ (2015) இன்னும் நெருக்கமானது. கேரி அவருடைய தாய். மகனுக்கு ஒரு வயதானபோதே பிரிந்து போனவர், மனநோயோடும் குடியோடும் போராடியவர், 2012 டிசம்பரில் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தவர். லோவெல் மாற்றுத் தந்தை. சில பகுதிகள் ஓரிகான் மாநிலத்து ஹோட்டல் அறையில் ஐபோனிலேயே பதிவு செய்யப்பட்டவை. விட்டுப்போன தாயிடமும் பேசாதிருக்கும் கடவுளிடமும் ஒரே குரலில், ஒரே ஏக்கத்தோடு பேசுகிறார். சிலுவையின் நிழலில்கூட ஒதுங்க இடமில்லை என்று ஒரு பாட்டுக்குத் தலைப்பே வைத்திருக்கிறார்.

மவுண்டன் கோட்ஸ் இசைக்குழுவின் ஜான் டார்னியல் வேறு வழியில் போனார். 2009-இல் வந்த ‘தி லைஃப் ஆஃப் தி வேர்ல்ட் டு கம்’ தொகுப்பின் 12 பாடல்களுக்கும் விவிலிய வசன எண்களே தலைப்பு. உபாகமம் 2:10, முன்பொரு காலத்தில் வாழ்ந்த ஏமியர் என்ற மக்களைப் பற்றிய வசனம். அவருடைய பாட்டிலோ பூமியிலிருந்தே அழிந்துபோன விலங்குகள் பேசப்படுகின்றன. யாரும் கவனிக்காத வசனத்திலிருந்து இப்படியொரு துக்கத்தை எடுத்தது அபாரம்.

அதே ஆண்டில் டேவிட் பஸானின் ‘கர்ஸ் யுவர் பிராஞ்சஸ்’ வந்தது. பெந்தெகொஸ்தே சபையொன்றில் இசை ஊழியம் செய்தவரின் மகன் அவர். ‘பெட்ரோ தி லயன்’ என்ற பெயரில் கிறிஸ்தவ இளைஞர்கள் பலரைக் கவர்ந்தவர், இந்தத் தொகுப்பில் விசுவாசத்தை விட்டு விலகியதை மறைக்காமல் பாடினார். ஏதேன் தோட்டத்துக் கதையைக் கேள்வி கேட்கிறார். தன் குடிப்பழக்கத்தையும் ஒப்புக்கொள்கிறார். கடைசிப் பாட்டில், துன்பத்துக்குக் காரணம் கேட்ட யோபுவுக்குக் கடவுள் சொன்ன மறுமொழி பதிலே ஆகாது என்று வாதாடுகிறார். வாதாடுவது யாரிடம்? கடவுளிடமேதான். இல்லை என்று முடிவுகட்டிய ஒருவரை அவரால் ‘நீ’ என்று அழைக்காமல் இருக்க முடியவில்லை. விசுவாசமும் மறுப்பும் ஒரே வாயிலிருந்து வர முடியும் என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சியை இந்தத் தலைமுறையின் இசையில் காண்பது அரிது.

துயரத்தில் இருப்பவர் ‘கேரி அண்ட் லோவெல்’லில் தொடங்கலாம். மற்றவர்கள் முதலில் வாங்க வேண்டியது பஸானின் தொகுப்பை. கடவுளை நம்புகிறவர்கள் அதை அவசியம் கேட்க வேண்டும்.